எந்தக் கண்ணை நம்புறது? அப்பா வரைஞ்ச மயிலும் கண்புரை ஆபரேஷனும்

#1 கொழிஞ்சாம்பாறையான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வாரமா எங்க வீட்ல ஒரே மயில் பேச்சு. விவரம் தெரிஞ்சவங்க யாராவது ஒரு வழி சொல்லுங்க.

அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். வயசு 68. வேலந்தாவளத்துல இருந்து சித்தூர் வரைக்கும் (எங்க பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திராச் சித்தூர் இல்லை) ஒரு காலத்துல அவர் கைபடாத கடை போர்டு கிடையாது. மேல மலையாளம், கீழ தமிழ். "மலையாளம் எழுதறப்ப தூரிகை தானா உருளும், தமிழ் எழுதறப்பதான் நின்னு திரும்பணும்" அப்படிம்பார். பிளெக்ஸ் வந்ததும் அந்தப் பொழப்பு போச்சு. அதுக்கப்புறம் கோயில் சுவர், வாகனத்துக்கு வண்ணம் அடிக்கறதுன்னு ஓடுச்சு.

எங்க ஊர் மாரியம்மன் கோயில்ல முருகன் சன்னதி இருக்குது. அதோட வெளிச்சுவத்துல மூணு வருசத்துக்கு முன்னால ஒரு மயில் வரைஞ்சார். ஆறடி உசரம். ஊரே மெச்சுச்சு. இன்னைக்கும் பிள்ளைக அதுக்கு முன்னால நின்னுதான் செல்பி எடுக்குதுக.

போன மாசம் அவருக்கு வலது கண்ணுல புரை எடுத்தோம். இடது கண்ணுக்கு இனிமேதான். கட்டுப் பிரிச்ச மறுநா காலைல திண்ணைல உக்காந்து, கொடில காயற வேட்டியப் பாத்து ஒரு கண்ண மூடறார், திறக்கறார், இன்னொன்ன மூடறார். ஏனுங்கப்பான்னு கேட்டா, "இந்தக் கண்ணுல சுண்ணாம்பு, இந்தக் கண்ணுல சந்தனம். ஒரே வேட்டிதான்டா" அப்படிங்கறார்.

அன்னைக்குச் சாயங்காலமே கோயிலுக்குப் போனார். மயிலப் பாத்ததும் முகம் மாறிப்போச்சு. "யார்ரா இதுமேல வண்ணம் பூசிக் கெடுத்தது?" யாரும் தொடலைங்க. அவர் அடிச்ச வண்ணமேதான். கழுத்து நீலத்துல முக்கி எடுத்த மாதிரி, ஊதாவுக்குப் பக்கத்துல நிக்குதாம். உடனே திருத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். எனக்கு அது எப்பவும் போல மயிலாத்தான் தெரியுது. கொஞ்சம் தூக்கலான மயில், அவ்வளவுதான்.

அப்ப மூணு வருசத்துக்கு முன்னால அவர் பாத்தது என்ன மயிலுங்க? திருத்த விடலாமா வேண்டாமா?

#2 செங்கோட்டை டிராயிங் வாத்தியார்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். முப்பத்தொரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் என்கிற உரிமையில் ஒரு சிக்கலைக் கிளப்புகிறேன்.

எல் கிரேக்கோ என்று ஒரு ஓவியர், 1541இல் கிரீட் தீவில் பிறந்து ஸ்பெயினின் டொலீடோவில் வாழ்ந்து 1614இல் இறந்தவர். அவர் வரைந்த ஆட்கள் எல்லாம் புடலங்காய் மாதிரி நீண்டிருப்பார்கள். அவருக்குக் கண்ணில் கோளாறு, உலகமே நீளமாகத் தெரிந்தது, அதனால் அப்படி வரைந்தார் என்று ஒரு விளக்கம் ரொம்ப காலமாகச் சுற்றி வருகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. ஆளை நீளமாகப் பார்க்கிற கண், திரைச்சீலையையும் நீளமாகத்தானே பார்க்கும்? எதிரில் நிற்கிறவன் ஏழடியாகத் தெரிந்தால் சரியாக வரைந்த படமும் அதே கணக்கில் ஏழடியாகத் தெரியும். இரண்டும் கழிந்துபோய், நமக்குக் கிடைப்பது சாதாரண ஆள்தான். ஆகவே எல் கிரேக்கோ நீட்டியது கண்ணால் அல்ல, மனசாரத்தான்.

இதையே மயிலுக்குப் போட்டுப் பாருங்கள். புரை மஞ்சள் கண்ணாடி என்றால், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நிஜ மயிலையும் பார்த்தார், டப்பாவில் இருந்த பெயின்டையும் பார்த்தார். அப்படியானால் மயில் சரியாகத்தானே வந்திருக்க வேண்டும்? எங்கே பிசகியது?

#3 கோவிந்தாபுரம் செக்போஸ்ட்

எல்லாம் மாயை சாமி. மயிலும் மாயை, கண்ணும் மாயை. திருத்தினா பெயின்ட் காசு மட்டும் நெசம்.

#4 சித்தூர் கண்ணாடிக்கடை

ஆந்திராச் சித்தூர்தான் நான். இல்லைன்னு சொல்லி ஒதுக்கிட்டீங்க, பரவால்ல :)

கண்ணு டெஸ்ட் பண்றது, கண்ணாடி போட்டுக் குடுக்கறதுதான் தொழில். தமிழ்ல பாதி, தெலுங்குல பாதின்னு இந்த "வெள்ளை மஞ்சளாச்சு" கதையை வாரம் நாலு பேருக்காவது சொல்றேன்.

கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் சின்ன வயசுல தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். வயசாக வயசாக மஞ்சளாகும், முத்தினா டீத்தண்ணி நிறத்துக்கே போயிடும். மஞ்சள் கண்ணாடி முதல்ல நிறுத்தறது நீல வெளிச்சத்தைத்தான். நீலம் மங்கும், கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசம் பிடிபடாது. கருப்புன்னு நெனச்சு நேவி ப்ளூ பேன்ட் எடுத்துட்டு வந்து, வீட்ல திட்டு வாங்கினவங்களை நான் நெறைய பார்த்திருக்கேன்.

இது இருபது முப்பது வருசத்துல நடக்கிற மாத்தம். அதனால ஆளுக்கே தெரியாது. மூளை கணக்கைச் சரி பண்ணிட்டே வரும், வேட்டி வெள்ளைன்னே தோணும். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆகி இன்னொரு கண்ணு பாக்கி இருக்கிற இந்த நாட்கள்லதான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க முடியும். உங்க அப்பா திண்ணைல உக்காந்து செஞ்சது சரியான சோதனை. நாங்க சொல்லிக் குடுக்கிறதே அதைத்தான்.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்பவே தூரிகையைக் குடுக்காதீங்க. ஆபரேஷன் ஆன புதுசுல எல்லாம் நீலமா அடிக்கும். மூளை பழைய மஞ்சளுக்கு இன்னும் ஈடு குடுத்துட்டிருக்கு, அடங்க சில வாரம், சிலருக்குச் சில மாசம் ஆகும். இன்னைக்கு அவர் பார்க்கிற மயிலும் கடைசி மயில் இல்லை.

வாத்தியார் ஐயா கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. யோசிக்க வச்சுட்டீங்க.

#5 கொழிஞ்சாம்பாறையான்

கண்ணாடிக்கடை அண்ணா, மன்னிக்கோணும், ஒதுக்கலைங்க!

வாத்தியார் ஐயா கேட்டதுக்காக அப்பாவோட கணக்கு நோட்ட எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் வாங்குன பெயின்ட், ஸ்டெய்னர் எல்லாம் எழுதி வெச்சிருப்பார். 2009ல ஒரு கோயில்ல இதே அளவுக்கு ஒரு மயில் அடிச்சிருக்கார். பாஸ்ட் ப்ளூ ஸ்டெய்னர் (வெள்ளைப் பெயின்ட்ல கலக்கற நீலச் சாயப் புட்டி) ஒண்ணு. இந்த மயிலுக்கு மூணு. அதுபோக சலவை நீலம் ரெண்டு பாக்கெட்.

"நெசமான மயிலப் பாத்தா வரைஞ்சீங்க?"ன்னு கேட்டேன். சிரிக்கறார். "நான் எதுக்குடா மயிலப் பாக்கறேன்? நாப்பது வருசமா மயில் கைல இருக்குது" அப்படிங்கறார்.

#6 செங்கோட்டை டிராயிங் வாத்தியார்

அப்படிச் சொல்லுங்கள். முடிச்சு அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

எதிரில் மயிலை வைத்துக்கொண்டு வரைந்திருந்தால் என் கணக்குப்படி இரண்டும் கழிந்திருக்கும். உங்கள் அப்பா நினைவில் இருந்த மயிலோடு சுவரை ஒப்பிட்டிருக்கிறார். அந்த மயில் அவர் இளம் வயதில், தெளிவான லென்ஸ் வழியாக உள்ளே போனது. சுவர் மட்டும்தான் மஞ்சளுக்குப் பின்னால் நிற்கிறது. "இன்னும் நீலம் பத்தலையே" என்று ஒரு புட்டி ஊற்றுகிறார். பத்தவில்லை. இன்னொன்று. நினைவில் இருக்கும் நீலம் சுவரில் வந்துவிட்டது என்று அவர் கை நின்ற இடத்தில், நமக்கு அது மூன்று புட்டி நீலம்.

கிளாத் மொனே கதையும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். அல்லிக்குளத்தை விடாமல் வரைந்த பிரெஞ்சு ஓவியர். 1912இல் கண்புரை என்று சொல்லிவிட்டார்கள். பயந்துகொண்டு பதினொரு வருடம் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் அவர் வரைந்த தோட்டத்துப் பாலம் சிவப்பும் பழுப்புமாகக் கொதிக்கும், பாலம் எங்கே கொடி எங்கே என்று தேட வேண்டும். நிறம் பிடிபடாததால் பெயின்ட் குழாய்களில் எழுதியிருக்கும் பெயரையும், பலகையில் எந்த நிறம் எந்த இடத்தில் என்கிற வரிசையையும் நம்பி வரைந்தார். 1923இல் வலது கண்ணில் ஆபரேஷன். அப்புறம் எல்லாம் நீலமாகத் தெரிகிறதே என்று புலம்பினார், நிறக்கண்ணாடி போட்டுப் பார்த்தார், சில படங்களை எடுத்துத் திருத்தினார். உங்கள் அப்பா இன்றைக்கு நிற்கிற இடத்தில்தான் அவரும் நின்றார். 1926இல் காலமானார்.

வகுப்பில் நான் ஒருபோதும் பையன்களிடம் "மயிலைப் பார்த்து வரை" என்று சொன்னதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. "மயில் வரை" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

#7 வேலந்தாவளம் அக்கா

தம்பி, ஜவுளிக்கடைல பதினாலு வருசம் புடவை எடுத்துப் போட்டவ சொல்றேன். ராத்திரியா பகலா? எந்த லைட்ல வரைஞ்சார் உங்க அப்பா? மொதல்ல அதைக் கேளுங்க.

கடைக்கு வர்ற எந்தப் பொம்பளையும் உள்ள இருக்கிற லைட்டை நம்ப மாட்டா. புடவையத் தூக்கிட்டு நேரா வாசல் வெளிச்சத்துக்குப் போவா. மொதலாளி மொறைப்பார், நாங்க பின்னாலயே ஓடுவோம். உள்ள மெரூனா இருந்தது வெளிய காப்பிக்கொட்டை கலராயிரும். ரெண்டு துணி உள்ள ஒண்ணா மேட்ச் ஆகும், வெயில்ல சண்டை போடும். ஜாக்கெட் பிட் எடுக்கறவங்களுக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2015ல ஒரு கவுன் போட்டோ உலகம் பூராம் சண்டை மூட்டுச்சே, ஞாபகம் இருக்கா? பாதிப் பேருக்கு நீலமும் கருப்பும், பாதிப் பேருக்கு வெள்ளையும் தங்கமும். எங்க கடைலயும் ரெண்டு கட்சி. கடைசில அந்தத் துணி நெசத்துல நீலம்-கருப்புதான்னு வந்துச்சு. நிழல்ல வச்சு எடுத்த போட்டோன்னு மனசு முடிவு பண்ணினவங்களுக்கு வெள்ளை, பளிச்சுனு வெளிச்சத்துல எடுத்ததுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு நீலம். லைட்டைக் கேக்காம கலரைச் சொல்ல முடியாதுங்கறதுதான் விசயம்.

மயில்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. மயில்கழுத்து கலர்னு ஒரு பட்டு. நெடுக்க ஓடற பாவுல ஒரு கலர் நூல், குறுக்க ஓடற ஊடைல இன்னொரு கலர் நூல். மடிச்சா பச்சை, விரிச்சா நீலம். "இது என்ன கலர்னு பில்லுல எழுத?"ன்னு புதுசா வந்த பையன் கேட்டான். மயில்கழுத்துன்னே எழுதுடான்னேன்.

#8 கொழிஞ்சாம்பாறையான்

அக்கா, அசத்திப்போட்டீங்க. அப்ப பங்குனி மாசம். எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நின்னு போச்சுன்னா வெயில் மண்டையப் பொளக்கும். ராத்திரிலதான் வரைஞ்சார். ஹாலஜன் போகஸ் லைட் ஒண்ணு வெச்சு. அது மஞ்சள் வெளிச்சம்தானுங்களே? இப்ப கமிட்டிக்காரங்க கோயில் பூராம் வெள்ளை எல்இடி போட்டுட்டாங்க.

அப்ப பழி கண்ணு மேலயா, லைட்டு மேலயா?

#9 சித்தூர் கண்ணாடிக்கடை

ரெண்டு மேலயும். மஞ்சள் லென்ஸுக்கு முன்னால மஞ்சள் விளக்கு. நீலம் பாவம், எங்க போகும்?

#10 தக்கலை மக்கா

நானும் கொஞ்சம் பேசட்டா மக்கா? கண்ணுக்க கோளாறு, விளக்குக்க கோளாறு எல்லாம் சரிதான். கண்ணு நல்லா இருக்கவனுக்கும் பழக்கம்னு ஒரு கண்ணாடி உண்டுல்லா?

எங்க ஊர்ல பத்மநாபபுரம் கொட்டாரம், அதான் அரண்மனை, இருக்கு. 1956 நவம்பர் 1ல எங்க தாலுகாவெல்லாம் தமிழ்நாட்டோட சேந்தப்பவும் கொட்டாரம் மட்டும் கேரள அரசு கையில நின்னுட்டு. கட்டடம் எங்க ஊர்ல, சாவி அவங்க மடியில. சின்னதுல இருந்தே கேரளத்துச் சுவர்ச்சித்திரம்னா எனக்கொரு பைத்தியம். முதல்ல பார்த்தப்ப எனக்க அம்மைகிட்ட கேட்டேன்: "அம்மா, விஷ்ணு ஏன் பச்சையா இருக்காரு?" வீட்டுக் காலண்டர்ல நீலமால்லா இருந்தாரு. அம்மை சொன்னா: "காலண்டர்ல இருக்கவரு மெட்ராஸ்காரரு, இவரு நம்ம ஊருக்காரரு."

பொறவுதான் படிச்சேன். அந்தச் சித்திர மரபுல சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளைன்னு அஞ்சு வண்ணம். சாத்வீகமான தெய்வத்துக்குப் பச்சை. கதகளியிலயும் நல்லவனுக்குப் பச்சை வேஷம்தான். அந்தப் பச்சை எப்படி வருதுன்னு நினைக்கிய? நீலஅமரி (அவுரி) இலைச்சாறும் ஒரு மரப்பிசின் மஞ்சளும் சேத்து. பச்சைக்குள்ள நீலம் ஒளிஞ்சு கெடக்கு, கேட்டியளா.

காலண்டர் நீலம் எப்ப வந்துச்சு? கிளிமானூர் ரவிவர்மா 1894ல பம்பாய் பக்கம் அச்சகம் வச்சு சாமி படத்தை வீட்டுவீட்டுக்குக் கொண்டுபோனாரு. பொறவு கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருக்க சீடப்பிள்ளைகளும் வரைஞ்சது சிவகாசியில அச்சாகி நம்ம சுவர்ல தொங்குச்சு. மூணு தலைமுறை அதைப் பாத்துப் பாத்து, சாமின்னா இன்ன நீலம்னு மனசுல அச்சாயிட்டு. ஆனா தமிழ் என்ன சொல்லுது? பச்சைமால்னும் சொல்லுது, கார்வண்ணன்னும் சொல்லுது, நீலமேனின்னும் சொல்லுது. ஒரே ஆளுக்கு மூணு நிறம். சொன்னவனுக்குக் கண்ணுல புரையா?

உங்க அப்பாவுக்க கையில இருந்த மயிலு காட்டுமயிலா, காலண்டர் மயிலா? அதை ஒருக்கா கேட்டுப் பாருங்க.

#11 கோவிந்தாபுரம் செக்போஸ்ட்

நான் மாயைன்னப்ப கண்டுக்கல. இப்ப எல்லாரும் சுத்திச் சுத்தி அங்கதான வர்றீங்க? விளக்கு மாறினா நிறம் மாறுது, வயசானா மாறுது, ஊர் மாறினா மாறுது. அப்ப நெசமான நிறம்னு ஒண்ணு இல்லவே இல்ல. விடுங்க.

#12 ஊத்துக்கோட்டை பிசிக்ஸ்

விட முடியாது சார். பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கிறவன், இதை விட்டால் தூக்கம் வராது.

உங்களுக்குச் சாதகமான தகவலை முதலில் தருகிறேன். மயில் கழுத்தில் நீலச் சாயம் கிடையாது. இறகில் இருக்கும் சாயம் மெலனின், நம் தலைமுடியில் இருக்கிறதே அது. கருப்பு-பழுப்பு. அந்த மெலனின் நுண்ணிய குச்சிகளாக வரிசை பிடித்து நிற்கிறது. வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியில் பட்டுத் தெறிக்கும்போது நீல ஒளி மட்டும் பலமாகத் திரும்பி வருகிறது. இடைவெளி கொஞ்சம் கூடினால் பச்சை, இன்னும் கூடினால் மஞ்சள். இறகை அரைத்துத் தூளாக்கினால் நீலம் போய்விடும், பழுப்புத்தூள்தான் மிஞ்சும். பார்க்கிற கோணம் மாறினாலும் நிறம் நகரும். அக்கா சொன்ன பட்டுப்புடவை மாதிரியே.

ஆனால் இதிலிருந்து "நிறமே பொய்" என்று தாவக்கூடாது. குச்சிகளின் இடைவெளியை அளக்க முடியும். திரும்பி வரும் ஒளியின் அலைநீளத்தை அளக்க முடியும். கண்ணாடிக்கடைக்காரர் லென்ஸைப் பார்த்தால் புரை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஸ்டெய்னர் மூன்று புட்டி என்பது நோட்டில் இருக்கிறது. உங்கள் செக்போஸ்டில் லாரியை எடை போடும்போது, எனக்கு எட்டு டன்னாகத் தோன்றுகிறது என்று டிரைவர் சொன்னால் விட்டுவிடுவீர்களா? நீலம் என்று நமக்குத் தோன்றுவதில் மனசுக்குப் பங்கு உண்டு. அது எவ்வளவு பங்கு என்று சண்டை போடலாம். மயில் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

#13 கோவிந்தாபுரம் செக்போஸ்ட்

நான் செக்போஸ்ட்ல வேலை பாக்கல சார். டீக்கடை வச்சிருக்கேன், செக்போஸ்ட்டுக்கு எதிர்ல. ஆனா லாரி உதாரணம் நல்லா இருந்துச்சு. ஒத்துக்கறேன், பாதி.

#14 கொல்லங்கோட்டு ராத்திரி

எங்க பக்கத்துத் தோல்பாவைக்கூத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. பாரதப்புழைக் கரைல பகவதி கோயில்களுக்கு முன்னால கூத்துமாடம்னு இதுக்குன்னே ஒரு மேடை இருக்கும். வெள்ளைத் திரை, பின்னால தேங்காய் மூடில வரிசையா 21 விளக்கு. பாடறது கம்பராமாயணம். மலையாள நாட்டுக் கோயில்ல தமிழ்ப் பாட்டு, விடிய விடிய. தாருகன்ங்கற அசுரனை வதம் பண்ணப் போனதால பத்ரகாளிக்கு ராமராவண யுத்தத்தைப் பார்க்கக் கிடைக்கலை, அவளுக்காகத்தான் கூத்துன்னு ஐதீகம். நடுராத்திரிக்கு மேல எதிர்ல ஒரு ஆள் இருக்க மாட்டான். நாய் படுத்திருக்கும். உள்ள பாட்டு நிக்காது, விளக்கம் குறையாது.

நான் சின்ன வயசுல ஒரு தடவை திரைக்குப் பின்னால எட்டிப் பார்த்தேன். பாவைல அத்தனை சித்திர வேலை, பொடிப்பொடியா ஓட்டை. முன்னால வந்து பார்த்தா வெறும் நிழலும் புள்ளி வெளிச்சமும். பாவையை ஆட்டறவர் ஒண்ணைப் பார்க்கிறார், நாம ஒண்ணைப் பார்க்கிறோம், பத்ரகாளி என்ன பார்க்கிறாள்னு யாருக்குத் தெரியும்? அப்பாவோட மயிலும் கோயில்ல இருக்கிறது. நம்ம கண்ணுக்காக மட்டும் வரைஞ்சதா அது?

#15 வேலந்தாவளம் அக்கா

அதெல்லாம் சரி, தம்பி என்ன முடிவு பண்ணுச்சு? பத்து நாளா ஆளையே காணோம்.

#16 கொழிஞ்சாம்பாறையான்

மன்னிச்சுக்குங்க, நெல்லு அறுப்புல மாட்டிக்கிட்டேன்.

தக்கலை அண்ணன் கேட்டத அப்பாகிட்டக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "மொத மயிலு எங்க மாமன் வீட்டுக் காலண்டர்ல பாத்து வரைஞ்சதுதான்டா. நெச மயிலு வயல்ல வந்து நெல்லத் திங்கும், அதயெல்லாம் யார் நின்னு பாத்தா, வெரட்டத்தானே செய்வோம்" அப்படின்னார். மறுநா காலைல வயலுக்குப் போய் வரப்புல உக்காந்துட்டார். மயில் ஒண்ணு வந்துச்சுங்க. எங்கப்பா முதல் தடவையா மயில வெரட்டாம விட்டதப் பாத்தேன். வலது கண்ணு, இடது கண்ணுன்னு மாத்தி மாத்தி மூடிக்கிட்டே இருக்கார். கடைசில, "கழுத்துல இத்தனை பச்சை இருக்குன்னு யாரும் சொல்லலையே" அப்படின்னார். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசலை.

கண்ணாடிக்கடை அண்ணன் சொன்னதச் சொல்லி, இன்னொரு கண்ணும் ஆகி, ரெண்டு மாசம் போகட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கேன். முழுசா கேக்கலை. நேத்துப் பகல்ல, வெயில்ல, கழுத்துக்குக் கீழ ஒரு சாண் அளவுக்கு மட்டும் புது நீலம், கொஞ்சம் பச்சை கலந்து அடிச்சுப் பாத்தார். பழைய நீலம் மேல, புது நீலம் கீழ. நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியுது. பிள்ளைக உடனே கண்டுபிடிச்சுட்டாங்க, "தாத்தா, மயிலுக்குச் சட்டை கிழிஞ்சிருக்கு"ன்னு.

அப்பா கோயில் பொருளாளரக் கூட்டிவந்து காட்டினார். அவருக்கு 74 வயசு, கண்ணுல கத்தி வைக்க ஒத்துக்க மாட்டேங்கறவர். கிட்டப் போய்ப் பாத்தார், தள்ளி நின்னு பாத்தார், எல்இடியப் போடச் சொல்லிப் பாத்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது, எதுக்கு வீண் செலவு?"ன்னுட்டார்.

#17 சித்தூர் கண்ணாடிக்கடை

பொருளாளரை ஒரு நாள் பஸ் ஏத்தி விடுங்க. டெஸ்டுக்குக் காசு வேண்டாம்.